காலி வண்டி

நாற்காலிக்கு மூணு காலு தரையில நிக்குது, நாலாவது மட்டும் யோசிச்சுக்கிட்டிருக்கு. சாஞ்சா டொக். நிமுந்தா டொக். இதே நாற்காலியிலதான் சாயங்காலம் அஞ்சு மணி வரைக்கும்னு ரெங்கநாதன் சார் சொல்லிட்டாரு. இந்த டிரஸ்ட்டு ஆம்புலன்ஸுக்கெல்லாம் மேனேஜரு அவருதான். ஒவ்வொரு பேச்சுக்கும் முன்னாடி ஒரு செருமல், முடிக்கையில ஒரு புரியுதுங்களா, நம்ம தலை ஆடுறதுக்குள்ள அடுத்த செருமல். ம்க்கும், ஆம்புலன்ஸ் டிரைவருன்னா மத்த டிரைவர் மாதிரி இல்ல, புரியுதுங்களா. ம்க்கும், யூனிபாரம் ரெண்டு செட்டு, சட்ட அளவ எழுதிக் குடுத்துருங்க, புரியுதுங்களா. எனக்கு இது ஒரு வியாதி. யாரு பேசுனாலும் ரெண்டு நிமிஷத்துல அவங்க கொரலு என் தொண்டைக்குள்ள வந்து உக்காந்துக்கும். இப்ப வாயத் தொறந்தா செருமல்தான் வரும், அதனால தொறக்கல. பதினோரு பேரு இருக்கோம், எல்லாம் வேற வேற வண்டியிலேருந்து எறங்கி வந்த டிரைவருங்க. நாப்பத்தாறு வயசுல முத நாள் வேலைக்கு வந்து கைய மடியில வச்சு உக்காந்திருக்கிறதுக்கு, பேசாம ஒரு டயர கழட்டி மாட்டிரலாம், அதுல இவ்வளவு அசதி இல்ல. கையில ஒரு தாளு குடுத்திருக்காங்க, இன்னைக்கு என்னென்ன நடக்கும்னு. பத்து மணி, விதிமுறை. பதினொண்ணு, ஆக்ஸிஜன் சிலிண்டர். பதினொண்ணே முக்கால், டீ. பன்னெண்டு, வீடியோ, வழி விடாத வண்டிகள். அதுக்குக் கீழயும் நாலு வரி இருக்கு, என் கண்ணு அங்க போக மாட்டேங்குது. பன்னெண்டுலயே நின்னுக்கிட்டு டொக்கு டொக்குங்குது. ம்க்கும், நம்ம வண்டி முன்கண்ணாடியில எல்லாம் கேமரா இருக்கு, மூணு வருஷமா அதுல சிக்குனதையெல்லாம் ஒண்ணா ஒட்டி வச்சிருக்கோம், பாத்தா வயிறு எரியும், புரியுதுங்களா. புரியுது சார். மூணு வருஷம்னா போன வருஷம் மார்ச்சு பத்தொம்பதும் அதுக்குள்ளதான் வருது. செவ்வாக்கெழம. காலைல பத்தே முக்காலு, காவேரிப் பாலம், முன்னாடி ஒரு டவுன் பஸ்ஸு. அந்த பஸ்ஸு இந்தச் செவுத்துல பெருசா ஓடும், ஓட்டுனவன் இந்த நாற்காலியில உக்காந்து பாக்கணும். பஸ்ஸுக்குப் பின்னாடி நம்பரு இருக்கும். நம்ம லைசென்ஸு நகலு சாரு மேசை மேல இருக்கு, போன வேல எந்த பஸ்ஸுன்னு நானே முத்து முத்தா எழுதிக் குடுத்திருக்கேன்.

இருவத்திரண்டு வருஷம். ஸ்ரீரங்கம், சத்திரம், ஸ்ரீரங்கம், சத்திரம். பிரைவேட்டு டவுன் பஸ்ஸு டீசல்ல ஓடாது, நிமிஷத்துல ஓடும். சத்திரம் பஸ் ஸ்டாண்டுல டைம் கீப்பர் ஒரு நோட்டோட நிப்பாரு. என் வண்டி பத்து நாப்பத்தேழுக்கு உள்ள நொழையணும். நாப்பத்தெட்டு ஆச்சுன்னா, எனக்குப் பின்னாடி வர்ற வண்டிய ஓட்டுற காசிலிங்கம் எறங்கி வந்து என் ஜன்னல் கம்பியப் புடிச்சுக்கிட்டு ஆரம்பிச்சுருவான். ஏன்டா டேனிஸு, என் ஸ்டாப்புல நிக்கிற சனத்தையெல்லாம் நீயே வழிச்சுக்கிட்டு வர்றியா, நான் என்ன காத்தையா ஏத்திக்கிட்டு வர்றது. தனிஸ்லாஸுங்கிற பேர அவன் ஒரு நாளும் முழுசாச் சொன்னதில்ல, அதுக்கு அவனுக்கு நேரம் இருக்காது. எங்களுக்குள்ள ஒரு கணக்கு உண்டு, யாரு கண்டுபுடிச்சான்னு தெரியாது, சத்திரத்துல எல்லா டிரைவரும் சொல்லுவோம். ஆம்புலன்ஸு சத்தத்துல ரெண்டு தினுசு. உள்ள ஆளு கெடந்தா டிரைவருக்குப் பதட்டம், சைரனோட ஹாரனையும் போட்டு அமுக்குவான். வெறும் சைரன் மட்டும் நிதானமா ஓடுனா காலி வண்டி, எங்கயோ டீக்குப் போறான். காதால பாத்தே சொல்லிருவோம். அதுல என்னைய மிஞ்ச ஆளில்ல. அன்னைக்கு மாம்பழச்சாலையிலேருந்து பாலம் ஏறுறேன், கண்டக்டரு கமாலுதீன் பின்னாடியிருந்து, அண்ணே ஒருத்தன் ஊதிக்கிட்டு வர்றான்னான். கேட்டேன். சைரன் மட்டும். ஹாரன் இல்ல. மணியப் பாத்தேன். காலி வண்டிடான்னேன். சொன்னதோட நிறுத்தியிருக்கலாம். சைரன் மாதிரியே ஊதிக் காட்டுனேன், ஊய்ங், ஊய்ங், நடுவுல மூச்ச நிறுத்தி, மாஸ்டர் சக்கர கம்மியா ஒரு டீ, மறுபடி ஊய்ங். பஸ்ஸே சிரிச்சுச்சு. கம்பியப் புடிச்சுக்கிட்டு நின்ன ஒரு காலேஜுப் பொண்ணு சிரிப்ப அடக்க முடியாம என் சீட்டுல நெத்திய முட்டுச்சு. எங்க நிறுத்தணும், எங்க எடுக்கணும்ங்கிறது எனக்கு என்னைக்குமே தப்புனதில்ல. இடது பக்கம் ஒரு ஷேர் ஆட்டோ, அதுக்குப் பின்னாடி ஒதுங்கியிருக்கலாம், எடம் இருந்துச்சு. ஒதுங்குனா ஷேர் ஆட்டோவோட நானும் நிக்கணும். நிக்கல. பாலம் முழுக்க அந்த சத்தத்த முதுகுல கட்டிக்கிட்டே போனேன். அண்ணா சிலைக்கிட்ட ரோடு அகலமானதும் அவன் எட்டிப் புடிச்சு முன்னாடி போனான். அவன் வண்டிப் பின்கண்ணாடி வழியா உள்ள தெரிஞ்சுச்சு. ஒரு கை சலைன் பாட்டில ஒசத்திப் புடிச்சிருக்கு. ஒருத்தங்க முட்டி போட்டு ரெண்டு கையாலயும் எதையோ அமுக்கி அமுக்கி எடுக்குறாங்க. படுத்திருக்கிற ஆளுக்கு ரெண்டு பாதம் மட்டும் தெரியுது, ஒண்ணுல செருப்பு இருக்கு, ஒண்ணுல இல்ல. அந்த டிரைவர் என்னையத் திரும்பிக்கூடப் பாக்கல. ஒரு கெட்ட வார்த்த திட்டியிருந்தா நான் ரெண்டு திருப்பிக் குடுத்திருப்பேன், கணக்கு அங்கயே தீந்திருக்கும். திட்டாமப் போயிட்டான். அந்த வண்டி கதவுல எழுதியிருந்த பேரு இந்த டிரஸ்ட்டு பேருதான். நான் சத்திரத்துக்குள்ள நொழஞ்சப்ப மணி பத்து நாப்பத்தேழு. டைம் கீப்பர், பரவாயில்லையேங்கிற மாதிரி தலைய ஆட்டுனாரு.

புஸ்ஸுன்னு ஒரு சத்தம், என் வலது காலு தன்னால பிரேக்க மிதிக்கப் போயிருச்சு. ஏர் பிரேக்கு இல்ல, சிலிண்டரு. பூங்கொடி மேடம் சாவிய வச்சுத் தொறந்து காட்டுது. மேடம்னு சாரு சொல்றாரு, அது எங்கள அண்ணேங்குது, முப்பத்தஞ்சு வயசு இருக்கும், வண்டிக்குள்ள பேஷன்ட்டப் பாத்துக்கிற நர்ஸு. பேசும்போது ஒவ்வொரு வாக்கியமும் கடைசியில கொஞ்சம் எறங்கிப் போகுது, மாடிப்படியில பைய வச்சுக்கிட்டு எறங்குற மாதிரி. அண்ணே, இத மெதுவாத் தொறங்க. அண்ணே, கையில எண்ணெ இருந்தா தொடாதீங்க. அண்ணே, மீட்டரு முள்ளு சேப்புக்குள்ள வந்துருச்சுன்னா உடனே எங்ககிட்ட சொல்லிருங்க, பாலத்து நடுவுல தீந்துபோயி நிக்க முடியாது. ஏன் பாலம். ஊருல வேற எடமா இல்ல. சொல்லிட்டு அது பாட்டுக்கு அடுத்ததுக்குப் போகுது, நான் பாலத்துலயே நின்னுக்கிட்டேன். அந்த மார்ச்சுக்கப்புறம் நான் எல்லாத்துக்கும் ஒதுங்க ஆரம்பிச்சேன். மொதல்ல ஆம்புலன்ஸுக்கு. அப்புறம் போலீசு ஜீப்புக்கு, கேஸு வண்டிக்கு, கல்யாண வேனுக்கு. ஒரு நாள் குல்பி ஐஸ்காரன் மணி அடிச்சான், ஒதுங்கிட்டேன். கமாலுதீன் வந்து என் காதுகிட்ட, அண்ணே அதுவும் ஆம்புலன்ஸுதான், உள்ள பால்கோவா சீரியஸா கெடக்குன்னான். தெனமும் நாப்பத்தொம்பது, அம்பது. காசிலிங்கம் கத்திக் கத்தி ஓஞ்சு, கடைசியில ஒடம்பு சரியில்லையாடான்னு கேட்டான். அதுதான் தாங்க முடியல. மொதலாளி மூணு மாசம் பாத்தாரு, நாலாவது மாசம் வேற டிரைவர் வந்துட்டான். வீட்டுல லூர்துகிட்ட வண்டி பழசாயிருச்சு, மொதலாளி நிறுத்திட்டாருன்னு சொன்னேன். ஆம்புலன்ஸுக்கு மனு போடுறேன்னப்ப அவ, ஏங்க, ரத்தத்தப் பாத்தா பின்னாடி போயி நிக்கிற ஆளு நீங்கன்னா. பக்கத்துல இருக்கு, நடந்தே போயிரலாம்னு சொன்னேன். நடந்து போற தூரத்துல ஒரு மாவு மில்லும்தான் இருக்கு. அங்க போடல. இங்க போட்டேன். அந்த ஆளு பொழச்சானா இல்லையான்னு இங்க யாருக்காவது தெரிஞ்சிருக்கும்ல. நாலஞ்சு மாசம் ஒழுங்கா ஓட்டி, ஒரு நாள் டீ குடிக்கையில சும்மா கேக்குற மாதிரி கேட்டுரலாம்னு ஒரு ஓரத்துல இருந்துச்சு. நாலஞ்சு மாசம் குடுப்பாங்கன்னு நெனச்சேன். முத நாளே பன்னெண்டு மணின்னு போடுவாங்கன்னு யாரு கண்டா.

டீ வந்துச்சு, பேப்பர் கப்புல, சூடு மட்டும் இருக்கு, டீ அப்புறம் வரும் போலருக்கு. பக்கத்து நாற்காலிக்காரரு முத்துவீரன், மணப்பாறை, பதினஞ்சு வருஷம் லாரி. வாங்கண்ணே, கால நீட்டலாம்னு வெளிய கூட்டிட்டு வந்தாரு. ஷெட்டுல அஞ்சு வண்டி நிக்குது, வெள்ளையா, சுத்தமா, சத்தமில்லாம. இதுக்குள்ள ஏறுறதுன்னாலே எனக்குப் பயந்தாண்ணேங்குறாரு முத்துவீரன், லாரியில மணலு கொட்டுனா கூட்டி ஏத்திக்கலாம். நான் சிரிச்சேன். சிரிப்பு பாதியில நின்னுருச்சு. கேட்டு தொறந்துதான் இருக்கு. போன் வந்த மாதிரி காதுல வச்சு, ஆ சொல்லு லூர்து, என்னது, எப்ப, இந்தா வர்றேன்னு சொல்லிக்கிட்டே நடந்துட்டா யாரு என்ன கேக்கப் போறா. லூர்து கொரலக்கூட போனுக்குள்ளேருந்து வர்ற மாதிரி என்னால போட முடியும். போன எடுத்துக் காதுல வச்சேன். கதை ஒண்ணும் வரல. யாருக்கு என்ன ஆச்சுன்னு சொல்றது. ஆம்புலன்ஸு ஷெட்டு வாசல்ல நின்னுக்கிட்டு வீட்டுல யாருக்கோ முடியலன்னு எப்படிச் சொல்றது, இவங்க வண்டியவே எடுத்துருவாங்க. போன பாக்கெட்டுல போட்டேன். யாருண்ணேன்னாரு. ராங் நம்பருன்னேன். பன்னெண்டுக்கு நாலு நிமிஷம்.

லைட்ட அமத்திட்டாங்க. மொதல்ல ஒரு தண்ணி லாரி. அப்புறம் பூ சுத்துன கல்யாணக் காரு, நடுரோட்டுல நிதானமா, வாழ்நாள் முழுக்க நேரம் இருக்குங்கிற மாதிரி. அப்புறம் ஒரு பைக்கு, காதுல போன சொருகிக்கிட்டு. ஒவ்வொண்ணுக்கும் பின் வரிசையிலேருந்து ஆளாளுக்குத் திட்டுறாங்க. அப்புறம் கம்பிக் கைப்பிடி, ரெண்டு பக்கமும் வெளிச்சம். பாலம். முன்னாடி பஸ்ஸு பொடனி. பச்ச. என்னோடது நீலம். மறுபடி பாத்தேன், பச்ச. காசிலிங்கம் வண்டி. அவன் வலதுகைய வெளிய போட்டு தாளம் தட்டிக்கிட்டே போறான், பாவி, ஒதுங்கவே இல்ல. நான் மூச்ச விட்டேன் பாருங்க, அது சிலிண்டரத் தொறந்த மாதிரி வெளிய கேட்டுருச்சு. தப்பிச்சேன். நான் இல்ல. அடுத்த மூச்சுலயே என் மேல எனக்கே ஒரு வாட அடிச்சுச்சு. இந்தப் பரதேசிய எறக்கி அதே வண்டியில கட்டிப்போட்டு ஊரச் சுத்தணும்ணேன்னாரு முத்துவீரன் என் பக்கம் சாஞ்சு. ஆமாய்யான்னேன். வாயி தன்னால சொல்லுது. வீடியோ முடிஞ்சு லைட்டு எரிஞ்சுச்சு. பூங்கொடி முன்னாடி வந்து, அண்ணே, எனக்கு ரொம்ப நாளா ஒண்ணு கேக்கணும், நீங்கல்லாம் ரோட்டுல கெடந்தவங்க, ஏன் விட மாட்டேங்குறாங்கன்னுச்சு. திட்டுற கொரல் இல்ல. நெசமாவே தெரியாமக் கேக்குற கொரலு. திமிருன்னான் ஒருத்தன். தண்ணியடிச்சிருப்பான்னான் ஒருத்தன். காது செவிடா இருக்கும்னாரு முத்துவீரன், எல்லாரும் சிரிச்சாங்க. பஸ்ஸுல கேட்ட அந்தச் சிரிப்புதான். அதே மாதிரி சிரிப்பு, அதே அளவு. எனக்கு அலுத்துப்போச்சு. ஒரு வருஷமா இந்தப் பாலத்துலேருந்து எறங்காம ஓட்டிக்கிட்டே இருக்கேன். காலி வண்டின்னு நெனச்சிருப்பான்மான்னேன். என் கொரலு யாரு மாதிரியும் இல்லாம ஒரு மாதிரி வெறும் காத்தா வந்துச்சு. பூங்கொடி என்னைப் பாத்துச்சு. ஹாரன் அடிக்கலைன்னா உள்ள ஆளு இல்லன்னு எங்களுக்குள்ள ஒரு கணக்குமா, டீக்குப் போறாங்கன்னு நெனச்சுக்குவோம். அது மேசையில சாஞ்சு நின்னுச்சு. அப்புறம், காலி வண்டியா இருந்தாலும் யாரையோ ஏத்தத்தானண்ணே போகுதுன்னுச்சு. இருவத்திரண்டு வருஷத்துல இது எனக்கு ஒரு தடவ கூடத் தோணல. இவ்வளவு சின்ன விஷயம். ஹாரன் அடிச்சா படுத்திருக்கிறவங்களுக்குத் தூக்கிப் போடும்ணே, அதான் நாங்க டிரைவருங்கள அடிக்க விடுறதில்ல, நெஞ்சு வலின்னா கண்டிப்பா கூடாதுன்னுச்சு. நான் எந்திரிச்சு நின்னுட்டேன். நாற்காலி டொக்குன்னுச்சு.

"நானும் விடலம்மா. இதே பாலம். உங்க வண்டிதான் பின்னாடி வந்துச்சு. போன வருஷம் மார்ச்சு பத்தொம்பது, பத்தே முக்கால். உள்ள ஆளு இருந்தாரு."

முத்துவீரன் சாஞ்சிருந்தவரு நேரா உக்காந்துக்கிட்டாரு. ரெங்கநாதன் சாரு செருமுனாரு, அதுக்கப்புறம் வர வேண்டியது வரல, மறுபடி செருமுனாரு. "பேரு என்ன சொன்னீங்க?" "தனிஸ்லாஸ் சார்." மேசையிலேருந்து நான் எழுதிக் குடுத்த தாள எடுத்துப் பாத்தாரு. கிழிக்கப் போறாருன்னு நெனச்சேன், கிழிச்சிருந்தா நல்லாத்தான் இருந்திருக்கும். "உக்காந்திருக்கிற பதினோரு பேருல ஒம்பது பேரு பஸ்ஸு, லாரி," அப்படின்னாரு, ரொம்ப களைச்சுப்போன கொரல்ல. "வழி விடாதவன எல்லாம் கழிச்சா வண்டிய நானும் பூங்கொடியும்தான் ஓட்டணும். எனக்கு லைசென்ஸு இல்ல." புரியுதுங்களாங்கிறத விட்டுட்டாரு. எனக்கு அது போதல. "அந்த ஆளு பொழச்சாராம்மா?" கேட்டே புட்டேன். பூங்கொடி பீரோவத் தொறந்து போன வருஷத்து ரிஜிஸ்தர எடுத்துச்சு, தடியா, மூல மடங்கி. மேசையில வச்சு விரலால தேதிய எறக்கிக்கிட்டே வந்துச்சு. பன்னெண்டாம் தேதி, பதினாறு, பத்தொம்பது. விரலு நின்னுச்சு. "அம்மாமண்டபம் ரோடு, ஆம்பள, வயசு அம்பத்தொண்ணு, நெஞ்சு வலி. ஆஸ்பத்திரியில ஒப்படைச்சது பத்து அம்பத்தெட்டு. நாடி இருக்கு." அப்புறம்னேன். "அவ்வளவுதாண்ணே." "அவ்வளவுதான்னா?" "ஸ்ட்ரெச்சர மாத்திக் குடுத்து கையெழுத்து வாங்குனதோட நம்ம வேல முடிஞ்சுது. அதுக்கப்புறம் என்ன ஆச்சுன்னு இதுல எழுத எடமே கெடையாது." ரிஜிஸ்தர என் பக்கம் திருப்பிக் காட்டுச்சு. கோடு போட்டு, கட்டம் கட்டமா, கடைசிக் கட்டத்துல ஒரு கையெழுத்து. அதுக்கப்புறம் தாளு முடிஞ்சிருச்சு. "இது யாரு கையெழுத்தும்மா?" குனிஞ்சு பாத்துச்சு. "என்னோடதுதான்." "அப்ப முட்டி போட்டு அமுக்குனது..." "நானாத்தான் இருக்கும். ஞாபகம் இல்லண்ணே. அன்னைக்கு மட்டும் ஏழு பேரு, பாருங்க." மேலயும் கீழயும் விரலக் காட்டுச்சு. ஏழு வரி. நான் ஒரு வருஷமா ஒத்தைக் கால்ல செருப்போட மனசுல வச்சுக்கிட்டுத் திரிஞ்ச ஆளு அதுல நாலாவது வரி. "நீங்களும் இப்படித்தான் இருக்கணும்ணே. இல்லேன்னா ஆறு மாசம்கூட ஓட்ட முடியாது. ஆஸ்பத்திரிக்குத் திரும்பிப் போயி யாரையும் விசாரிக்காதீங்க. மொதல்ல நானும் போவேன்." ரிஜிஸ்தர மூடி உள்ள வச்சிருச்சு.

சாப்பாட்டுக்கு அப்புறம் கீழ ஷெட்டுல ஸ்ட்ரெச்சரு. பழகுறதுக்கு ஒரு பொம்ம உண்டாம், துறையூருக்கு எடுத்துட்டுப் போயிட்டாங்களாம், யாராச்சும் ஒருத்தர் படுங்கன்னாரு சாரு. யாரும் நகரல. நான் படுத்தேன். படுக்கிறதுக்கு எனக்கு எந்த மறுப்பும் இல்ல, அவ்வளவு அசதி. நெஞ்சுல ஒரு பெல்ட்டு, தொடையில ஒரு பெல்ட்டு. முத்துவீரன் தல மாட்டுல குனிஞ்சு, "இறுக்கமா இருக்காண்ணே?" ன்னு கேட்டாரு, பரதேசின்னு சொன்ன அதே வாயி, இப்ப பச்சப் புள்ளைக்குச் சட்ட மாட்டுற மாதிரி. "பரவால்லய்யா." தூக்குனாங்க, ஒரு பக்கம் சாஞ்சுது, பூங்கொடி தல பக்கம் ஒசத்துங்கண்ணேன்னுச்சு, கடகடன்னு உள்ள போனேன், கதவு சாத்துச்சு. முத்துவீரன முன்னாடி உக்கார வச்சு காம்பவுண்டுக்குள்ள ஒரு சுத்து விடச் சொன்னாரு சாரு. வண்டி கெளம்புச்சு. எனக்குத் தெரியிறது கூரை மட்டும்தான். வெள்ளக் கூரை, ஒரு லைட்டு, பாட்டில மாட்டுற கம்பி, யாரோ ஒட்டிட்டு மறந்துபோன ஒரு துண்டு பிளாஸ்திரி. எந்தப் பக்கம் போறோம், எதுக்குத் திரும்புறோம், ஒண்ணும் தெரியல. வளைவுல ரத்தம் ஒரு பக்கமா சாயிறது தெரியுது. முன்னாடி யாரு போறான், என்ன கலரு, எதுவும் தெரியல. அந்த ஆளுக்கும் தெரிஞ்சிருக்காது. அவரு என்னையத் திட்டல, சபிக்கல, இந்தக் கூரையத்தான் பாத்துக்கிட்டிருந்திருப்பாரு. அது ஆறுதலா இல்ல இன்னும் மோசமான்னு பாக்குறதுக்குள்ள வண்டி நின்னுருச்சு. எதுக்குன்னு தெரியல. கேட்டுல ஏதாவது குறுக்க நிக்குதோ என்னமோ. என் வாயி தன்னால நொடிய எண்ண ஆரம்பிச்சுருச்சு. பத்து. இருவது. பஸ்ஸுல நின்னா இது ஒண்ணுமே இல்ல, ஒரு கெழவி படி ஏறுற நேரம். முப்பது. இங்க ஒவ்வொண்ணும் தனித்தனியா வந்து நெஞ்சுல உக்காந்து எந்திரிச்சுப் போகுது. நாப்பத்தஞ்சு. அம்பது.

"என்னண்ணே முணுமுணுக்கிறீங்க?" பூங்கொடி பக்கத்துல உக்காந்து என் மணிக்கட்டப் புடிச்சிருக்கு, நெசமாவே நாடி பாக்குது.

"ஒண்ணுமில்லம்மா. ஏன் நிக்கிது?"

"நீங்க பேஷன்ட்டு. அதெல்லாம் கேக்கக்கூடாது."

"சரிம்மா."

எழுவது. வண்டி இன்னும் நகரல.